கடல் நடுவே எடுத்த மொட்டை

வெள்ளி, காலை 7.10

மிதவை நிலையம், மணப்பாட்டுக்கு நேர் கிழக்கே நங்கூரத்தில் நிற்கிறது. எழுதுவது சுடலைவடிவு. படிப்பு அஞ்சாம் வகுப்பு. டாக்டர் நிவேதனுக்கு ஓயாத வேலை, அதனால் குறிப்பெழுதும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்.

இன்றும் என் பின்னந்தலையில் மிளகளவு தோல் எடுத்தார். அதிலிருந்து முடிவேர்ச் செல்லைப் பிரித்து, தட்டில் பெருக்கி, வழுக்கைத் தலையில் ஊசியால் விதைக்கிறார்கள். என் செல்லை எல்லா உடம்பும் ஏற்றுக்கொள்கிறதாம். சோதனைக்காக இங்கே தங்கியிருக்கும் ஏழு பேருக்கும் நன்றாக முளைத்துவிட்டது.

ஏழு பேரில் ஒருத்தி என் தங்கை பிச்சம்மாள். என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள், தூங்கிக்கொண்டிருந்த என் சடையை அறுத்தவள். வந்தவன் அவளைக் கட்டிக்கொண்டு போனான். கேட்டால் எலி கடித்திருக்கும் என்பாள். கிழவியான பிறகும் அதே எலி. இப்போது என் முடி அவள் இடுப்புவரை தொங்குகிறது. அவளுக்கும் சேர்த்துத்தான் என் செல் என்று யாரும் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

செல் தட்டுகளை வைக்கிற குளிரறை சரியாக இருக்கிறது. கடல் அமைதி.

சனி, பகல் 11.30

ஏழு பேரும் மொட்டை போட்டுக்கொண்டார்கள்.

முடி வளர்ந்தால் குலசாமிக்குக் கொடுப்பதாக ஆளுக்கொரு நேர்ச்சை. சோதனை முடியும்வரை கோயிலுக்குப் போக அனுமதி இல்லை. அதனால் சாமான் படகில் நாவிதரை வரவழைத்து, கரையைப் பார்த்து உட்கார்ந்து, மேல்தளத்திலேயே முடி இறக்கிவிட்டார்கள். முடியைக் கடலில் விட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டார்கள். நாவிதர் அதே படகில் கரைக்குத் திரும்பிவிட்டார்.

டாக்டர் ஓடிவந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முடியை வெட்டக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்றார். லாரி ஓட்டின கொம்பையாவுக்கு அது விளங்கவே இல்லை.

"வெட்டலியே சார். சாமிக்குல்லா குடுத்திருக்கோம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தலையாகத் தடவி, கத்தி கீறின இடங்களைப் பார்த்தார்.

ஞாயிறு, காலை 8.00

ஒரே ராத்திரியில் விரல் நீளம் வளர்ந்துவிட்டது. சாமி திருப்பிக் கொடுத்துவிட்டது என்று குலவை போட்டார்கள்.

டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். விதைத்த செல், முடியை முளைக்கவைத்துவிட்டு உறங்கிவிடும். கீறல் பட்டால் காயம் என்று நினைத்து எழும். ஒன்றிரண்டு கீறல் என்றால் அடங்கிவிடும். தலை முழுக்கக் கீறினால் அடங்காது. முன்பு சோதித்த ஊர்களில் யாரும் மொட்டை போட்டதில்லையாம், அதனால் இப்படி ஆகும் என்று எழுதி வைக்கவும் இல்லையாம்.

ஞாயிறு, மாலை 4.20

முடி உள்பக்கம் திரும்பிவிட்டது. நெற்றித் தோலுக்கு அடியில் நெளிவது கண்ணால் பார்க்கத் தெரிகிறது. அரிப்புத் தாங்காமல் ஒரு பெண் தலையைக் கம்பியில் தேய்த்தாள். எலும்பு தெரிந்தது. அந்தக் காயத்திலும் உடனே மயிர். சற்று நேரத்தில் அவள் தொண்டை அடைத்துச் செத்தாள். வாயிலிருந்து டாக்டர் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

ரேடியோவில் கரைக்குப் பேசினார். வந்த பதில்:

"தொத்துமான்னு தெரியாம படகு அனுப்ப முடியாது. யாரும் கடல்ல எறங்கப்படாது. எறங்கினா சுடச் சொல்லி உத்தரவு."

திங்கள், காலை 9.15

குளிரறைக்குள் இருக்கிறேன். இரும்புக் கதவு. தட்டு கொடுக்கிற சின்னத் துவாரம் மட்டும் உண்டு.

டாக்டர் செத்துவிட்டார். அவர் செய்த தப்பு, எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னது. என் பின்னந்தலைத் தோலில் அந்தச் செல்லை உறங்கவைக்கும் சுரப்பு ஒன்று இருக்கிறதாம். உள்ளங்கை அகலம் உரித்துத் தலையில் வைத்துக் கட்டினால் ஓர் உயிர் பிழைக்கும். சொல்லிமுடிக்கவில்லை, எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

கொம்பையா என் முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டான். டாக்டர் குறுக்கே விழுந்தார். நெருப்பணைக்கும் உருளையால் அவர் முகத்தில் அடித்தான். ஓயாமல் அடித்தான். நான் கையில் அகப்பட்ட அறுவைக் கத்தியை அவன் தொடையில் இறக்கி, உருவிக்கொண்டு இங்கே ஓடிவந்து தாழ் போட்டேன். பிச்சி எனக்குப் பின்னால்தான் ஓடிவந்தாள். உள்ளே வராமல் வெளியே நின்றுவிட்டாள்.

திங்கள், பகல் 12.40

பிச்சி கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கிறது. மற்றவர்கள் மேல்தளத்தில் ஒருவரையொருவர் கடித்துக்கொள்கிறார்கள் போல. துவாரம் வழியாகச் சொன்னாள்:

"யக்கா, தொறக்காத. நானே கெஞ்சினாலும் தொறக்காத."

அவள் செத்தால் சடை விஷயம் அந்த எலியோடு போய்விடும். அப்படி விடுவதாக இல்லை. அவள் உயிரோடு இருந்து எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கத்தியைக் காதுக்குப் பின்னால் வைக்கிறேன்.

திங்கள், பகல் 1.30

உரித்துவிட்டேன். முதுகெல்லாம் ரத்தம். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளவும். துணியில் சுற்றித் துவாரத்தில் தள்ளினேன். வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு வாயிலிருந்த முடியைத் துப்புகிற சத்தம். துப்பித் துப்பி மூச்சு சீரானது.

கேட்டேன். ஏட்டி, யார் அறுத்தது?

"நாந்தான் அறுத்தேன். அரிவாமணைல வச்சு அறுத்தேன். அவரு உன்னயத்தான் கட்டுவாருன்னு தெரியும். இன்னொரு தடவ வந்தாலும் அறுப்பேன்."

அவள் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்கு. கொஞ்சம் அழுதேன்.

திங்கள், 2

அவள் பிழைத்ததைப் பார்த்துவிட்டார்கள். இறங்கி வருகிறார்கள். கொம்பையா ஒரு காலை இழுத்துக்கொண்டு வருவது கேட்கிறது. என் தலையில் இன்னும் எவ்வளவு தோல் மிச்சம் என்று கத்துகிறான்.

பிச்சி போகவில்லை. டாக்டரை அடித்த அந்த உருளையை அவள் எடுத்துக்கொண்டது துவாரத்தில் தெரிகிறது. கதவுக்கு முன்னால் நிற்கிறாள். ஓடுடி என்றேன். வாயை மூடு என்றாள்.

அடி விழுகிறது. ஒருவன் விழுந்தான். இன்னொரு அடி. மண்டை உடைகிற சத்தம் தேங்காய் போல இல்லை, ஈரமாக இருக்கிறது. இப்போது அவள் முனகுகிறாள். அவளை அடிக்கிறார்கள். கதவில் அவள் முதுகு மோதுகிறது. மறுபடி மோதுகிறது.

கரைக்கு: இதைப் படிப்பவர்கள் மொட்டை போட்டவர்களைப் படகில் ஏற்ற வேண்டாம். என் தங்கையை மட்டும் ஏற்றுங்கள். தலையில் துணி கட்டியிருப்பாள். கோபக்காரி.

கத்தி கையில் இருக்கிறது. தாழை எடுக்கிறேன். பிச்சியை அடிக்கிற பாத்தியதை எனக்கு மட்டும்தான், வேறு எவனுக்கும்