வால் கோணிய ஜீப்

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து மழை. பொம்மை ஜீப்பில் பள்ளம் அடைக்கப் பூசின புட்டி காயவில்லை. நேற்று வைத்தது இன்னும் விரலில் ஒட்டுகிறது. ஹேர் டிரையர் பிடிக்கலாம் என்றால் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. வழக்கம்தான்.

ஜீப் நிலவரம்: பாடி முடிந்தது. பானெட், மட்கார்டு சரி. மேலே லக்கேஜ் கேரியர் பாக்கி. சக்கரம் ஓசூர்க்காரரே தருகிறார்.

அந்த ஓசூர்க்காரரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். (இனி ஓ.கா. என்றே எழுதுகிறேன், கை வலி.) நான் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டிக் கையால் ஒரே ஒரு வண்டி செய்துகொடுக்க வேண்டும். அதை வைத்து அவர் சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுப்பார், ரெசின் ஊற்றிக் காப்பி போடுவார், பொம்மை வண்டி சேர்க்கிறவர்களுக்கு விற்பார். போன வருஷம் நான் அனுப்பிய மினி பஸ்ஸை ஃபினிஷிங் பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிய புண்ணியவான். இப்போது ஜீப் போட்டோவைப் பார்த்துவிட்டு:

"சார், வேலை நல்லாருக்கு. ஆனா வால் பக்கம் கோணிக்கிட்டு இருக்கு. இடது பக்கம் நீளமா இருக்கு, வலது பக்கம் கம்மியா இருக்கு. இதுல அச்சு எடுத்தா எல்லாக் காப்பியும் கோணலாத்தான் வரும். வாங்குறவங்க ரெசின் வளைஞ்சுபோச்சுன்னு திருப்பி அனுப்புவாங்க. நேர் பண்ணி அனுப்புங்க சார்."

வளைந்துபோச்சாம். யோவ், அந்த ஜீப்பே அப்படித்தான். கல்வராயன் மலைக்கு ஓடுகிற ஷேர் ஜீப். பின்னாடி வெட்டி, தகடு வைத்து நீட்டி, ஊரே ஏறிப் போகிற வண்டி. பட்டறையில் கண் மட்டத்துக்குப் பற்றவைத்தது எப்படி நேராக வரும்? கோடையில் கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் நானே டேப் பிடித்து அளந்தேன். ஒரு பக்கம் ஒன்றரை அங்குலம் ஜாஸ்தி. நாற்பத்து மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் ஒரு மில்லிக்கும் கம்மி. அந்த ஒரு மில்லிக்கும் கம்மியைக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பதில் போட்டேன்: "வண்டி அப்படித்தான் சார். அளந்துதான் செய்தேன்." நீல டிக் விழுந்தது. அதோடு சரி.

நவ. 4, செவ்வாய்

தூறல். புட்டி காய்ந்தது. அதில் ஒரு வெடிப்பு.

ரிஷிவந்தியம் பெரியவரின் பல்செட் மறுபடி திரும்பி வந்துவிட்டது. ரெண்டாவது தடவை. கடித்தால் ஒரு பக்கம் மட்டும் முதலில் முட்டுகிறதாம். கிளினிக்குக்குப் பின்னால்தான் என் லேப். செட் செய்வது நான், வாயில் மாட்டுவது டாக்டரம்மா. அவர் திட்டுகிற ஆள் இல்லை. அதுதான் தொல்லை. திட்டினால் திருப்பி ஏதாவது சொல்லலாம்.

"அண்ணே, பவர் செக் பண்ணி எவ்ளோ நாளாச்சு?"

"கண்ணாடி நல்லாத்தான் கீதுங்க."

"கண்ணாடிய கேக்கலண்ணே. கண்ண கேக்கறேன்."

பெரியவருக்கு ஈறு கரைந்துகொண்டே போகிறது. மாசத்துக்கு ஒரு வாய். அதற்கு என் கண் என்ன செய்யும்?

வீட்டிலும் நிம்மதி இல்லை. வீட்டுக்காரி மலர் ஜவுளிக் கடை வேலை முடிந்து வந்ததும் வராததுமாக:

"சாப்புட்ற டேபிள் மேல மறுபடியும் இத்த வெச்சிகினு கீறியா? குழம்புல ஒரே பெயின்ட்டு நாத்தம்."

"பெயின்ட் இல்ல. புட்டி."

"ஆமா, அத்த ஊத்திக்கினு சாப்புடு."

வாங்க வேண்டியது: காப்பர் கம்பி (மெல்லிசு), 600 உப்புத்தாள், பிரைமர் ஸ்ப்ரே, மலருக்குத் தைல டப்பா, தக்காளி.

நவ. 6, வியாழன்

மோசமான நாள். முறையாக எழுதுகிறேன், அப்போதாவது புத்திக்கு எட்டுகிறதா பார்க்கலாம்.

கேரியர் செய்தேன். போன வாரம் இதற்காகவே கச்சிராயபாளையம் போய், டீக்கடை மாடியில் ஏறி ஜீப்பை மேலிருந்து போட்டோ எடுத்திருந்தேன். கீழே இறங்கிச் சக்கரத்து இடைவெளியையும் டேப் வைத்துச் சரிபார்த்து வந்தேன். போட்டோவில் வண்டியின் பின்பக்கம் முழுக்க மூட்டை, பாடி தெரியவில்லை. கேரியர் பைப் மட்டும் தெளிவாக இருந்தது. அதை அளவுக்குச் சுருக்கி பிரிண்ட் எடுத்து, அதன் மேலேயே கம்பியை வைத்து வளைத்துப் பற்றவைத்தேன். யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. கோட்டின் மேல் கம்பி, அவ்வளவுதான்.

சாயங்காலம் தூக்கிப் பாடி மேல் வைத்தால் உட்காரவில்லை. கேரியருக்கு வலது பக்கம் நீளம். பாடிக்கு இடது பக்கம் நீளம். ஒன்று கிழக்கே போகிறது, ஒன்று மேற்கே போகிறது.

நிஜ வண்டியில் ரெண்டும் சேர்த்துப் பற்றவைத்தது. மூலைக்கு மேல் மூலை நிற்கிறது. அப்படியென்றால் ரெண்டில் ஒன்று தப்பு. கேரியர் போட்டோவிலிருந்து வந்தது. பாடி என் கண்ணிலிருந்து வந்தது.

டேப்பைத் தப்பாகப் படித்தேனா, சரியாகப் படித்துத் தப்பாக வெட்டினேனா, தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் கண்தான்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். ஐம்பத்து மூன்று வயசு. எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான், அதில் கண் போனால் ஆளே போச்சு. டாக்டரம்மா போகச் சொல்ல மாட்டார். தப்பான செட்டாகச் செய்து செய்து, நானே வெட்கப்பட்டு நிற்க வேண்டியிருக்கும். அது இன்னும் கேவலம்.

கச்சிராயபாளையம் போய் அந்த ஜீப்பை மறுபடி அளக்க வேண்டும். நான் குறித்தபடி இடது பக்கம் நீளமாக இருந்தால் என் கண் நல்ல கண், போட்டோவில்தான் ஏதோ கோளாறு. இல்லாவிட்டால் அப்புறம் பார்ப்போம்.

சாம்பாரில் உப்பில்லை. நான் சொல்லவில்லை.

நவ. 7, வெள்ளி

வேலை விட்டு நேராகக் கச்சிராயபாளையம். ஜீப் நிற்கிற இடம் காலி. பக்கத்து ஜீப்காரரிடம் விசாரித்தேன்.

"சின்னையன் வண்டியா? அது மேலயே கீதுங்க, ஒரு வாரமா எறக்கல. எவனோ டேப்பு வெச்சு அளந்துகினு போனானாம். நீட்டின வண்டிய புடிக்கிறவன்னு சொல்றாங்கோ. லோன் கட்டாத வண்டிய தூக்கறவன்னும் சொல்றாங்கோ. பாவம், அவன் பயந்துகினு படுதா போட்டு மூடி வெச்சிருக்கான்."

"அப்படிங்களா," என்றேன். பாக்கெட்டில் டேப். கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு டீ குடித்தேன்.

ஒரு பொம்மை வண்டிக்காக ஒரு ஆளுடைய பிழைப்பில் மண். சபாஷ்.

நவ. 9, ஞாயிறு

வெள்ளிமலை பஸ். வளைவுக்கு வளைவு ஒருத்தர் வாந்தி. மேலே போனால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மேகம். (அது எல்லாருக்கும்தான் தெரியவில்லை. கேட்டுப் பார்த்தேன்.)

சின்னையன் வீட்டை விசாரித்து நடந்து போனேன். முப்பது முப்பத்தைந்து வயசிருக்கும். மரவள்ளிக் கொல்லைக்குப் பின்னால் நீலப் படுதாவுக்குள் ஜீப். என் கையில் டேப்பைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"நீதானா அந்த டேப்பு ஆளு? யாரு அனுப்புனாங்கோ உன்ன?"

"யாரும் அனுப்பலபா. நான் பல்லு செட் பண்றவன்."

"பல்லு பண்றவனுக்கு என் வண்டிகிட்ட இன்னா வேல?"

நியாயமான கேள்வி. வாயால் சொன்னால் நம்ப மாட்டான் என்று டிபன் பாக்ஸைத் திறந்து, பஞ்சை விலக்கி, ஜீப்பை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

முகத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே ஸ்டியரிங் இருக்கிறதா பார்த்தான். இருக்கிறது. பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினான். அப்புறம்:

"என் வண்டியேதாணா. ஆனா வாலு மாறிப்பூச்சு. சோத்தாங்கைப் பக்கம்தான் நீளம். பட்டறைல அந்தாண்ட பக்கத்துக்குத் தகடு பத்தாம பூட்சு."

போட்டோ சரி, கேரியர் சரி, நான்தான் தப்பு. தம்பி கொஞ்சம் தண்ணி குடு என்றேன். குடித்துவிட்டு, வந்ததற்கு அளந்தாவது போவோம் என்று படுதாவைத் தூக்கச் சொன்னேன்.

வண்டிக்குப் பின்னால் நின்றேன். சக்கரத்துப் பக்கம் டேப் முனையை அவன் பிடித்துக்கொண்டான், நான் வால் முனையில் படித்தேன். என் இடக்கைப் பக்கம் முதலில். எண் தெளிவாகத் தெரிந்தது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். "வலது..."

"ணா, அது பீச்சாங்கைணா."

"எது?"

"நீ வலதுன்னு எழுதினு கீறியே, அது."

பேனா நின்றுவிட்டது.

லேபில் பல்செட் எப்போதும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். என் இடக்கைப் பக்கம் இருப்பது எதிராளியுடைய வலது. முப்பது வருஷமாக அப்படித்தான் எழுதுகிறேன். ஜீப்புக்கு முன்னால் நின்று எழுதினதெல்லாம் அதனால் சரியாக வந்தது. கோடையில் வாலை அளக்கப் பின்னால் போய் நின்றும் அதையே எழுதியிருக்கிறேன்! வாய்க்கு முன்பக்கம் மட்டும்தான். வண்டிக்கு முதுகும் இருக்கிறது, அது என் கைக்குத் தெரியவில்லை.

எண் சரி. வெட்டினது சரி. பக்கத்தின் பெயர் மட்டும்தான் மாறியது. கண்ணில் ஒன்றும் இல்லை. சின்னையனைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவன் பயந்திருப்பான்.

மன்னிப்பு கேட்டேன். ஒரு வாரச் சவாரி போச்சுணா என்றான், கோபமாகச் சொல்லவில்லை. மத்தியானம் படுதாவை உருவி, ஆள் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கீழே இறக்கினான். நான் முன்சீட்டு. கச்சிராயபாளையத்தில் எல்லா ஜீப்காரர்கள் முன்னாலும் அந்த டேப் ஆள் நான்தான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நவ. 10, திங்கள்

வெயில்! நேற்று மலையில் எடுத்த நிஜ ஜீப்பின் வால் போட்டோவை அனுப்பி, நான் பக்கம் மாற்றிச் செய்ததையும் சொன்னேன். ஓ.கா.வின் பதில் உடனே: "அட, நிஜமாவே கோணலா சார்! வண்டி போட்டோ ஒண்ணு டப்பாவுக்குள்ள போட்டுடலாம், வாங்குறவங்க ரசிப்பாங்க. வாலை மட்டும் மாத்தி அனுப்புங்க."

மலரிடம் முழுக் கதையும் சொன்னேன், முன்பக்கம், பின்பக்கம், எல்லாம். தோசை சுட்டுக்கொண்டே கேட்டாள்.

"இப்ப இன்னா சொல்ற? கண்ணு நல்லா கீதுன்றியா?"

"பின்ன?"

"அப்ப ரிஷிவந்தியத்துக்காரரு பல்லுக்கும் முதுகு இருந்துச்சா?"

இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் பதில் சொல்கிற ஆள் நான் இல்லை. ரெண்டு தோசையோடு எழுந்துவிட்டேன்.

நவ. 12, புதன்

வாலை அறுத்துப் பக்கம் மாற்றினேன். கேரியர் டக்கென்று உட்கார்ந்தது. நாலு மூலையும் மூலைக்கு மேல். சும்மா வைத்து வைத்து எடுத்தேன்.

பெரியவர் செட் மூன்றாம் தடவையாகத் திரும்பி வந்தது. டாக்டரம்மா இந்தத் தடவை அதைச் சேலத்து லேபுக்கு அனுப்பிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. பார்சல் கட்டின பையன் சொன்னான்.

நவ. 14, வெள்ளி

பிரைமர் அடித்தேன். சாம்பல் பூச்சு விழுந்தால் ஒளிந்திருக்கிற குறையெல்லாம் வெளியே வந்துவிடும், அதற்குத்தான் அடிப்பது. லைட்டுக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு குறை இல்லை. இவ்வளவு சுத்தமாக என் கையில் எதுவும் வந்ததே இல்லை. மினி பஸ் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

திங்கள் கூரியர். டப்பா, பஞ்சு, டேப் ரெடி.

நவ. 16, ஞாயிறு

நல்ல வெயில். மலருக்குக் கடை லீவு. பார்சல் கட்டுவதற்கு முன்னால் அவளிடம் காட்டலாம் என்று வாசலுக்கு எடுத்துப் போனேன். மெச்சுவாள் என்று நினைத்தேன். உண்மை அதுதான்.

வாங்கி வெயிலில் சாய்த்துப் பிடித்தாள்.

"பானெட்டு மேல இன்னா இது, அம்மத் தழும்பாட்டம்?"

"எங்க?"

"இதோ, இங்க. இதோ."

எனக்கு வழவழவென்று ஒரே சாம்பல். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். மாட்டிப் பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சாம்பல்தான். நக்கல் பண்றியா என்று கத்திவிட்டேன்.

அவள் கத்தவில்லை. என் ஆள்காட்டி விரலைப் பிடித்து நகத்தைப் பானெட் மேல் வைத்து இழுத்தாள். தட்டியது. பள்ளம். கொஞ்சம் தள்ளி இழுத்தாள். அங்கேயும் தட்டியது. கதவில். மட்கார்டில்.

"கூரியர் நாளைக்கு வேணாம்ங்க," என்றாள். இந்த வீட்டில் இந்த 'ங்க' காதில் விழுந்து எத்தனையோ வருஷம்.

பள்ளம் இருக்கிற இடமெல்லாம் பென்சிலில் புள்ளி வைத்துக் குடு, புட்டி வைத்துக்கொள்கிறேன் என்றேன். படியில் உட்கார்ந்து வைத்தாள். கடையில் துணி பார்க்கிற கண், ஒன்றும் விடாது. முடித்துக் கையில் கொடுத்தாள். நான் திருப்பிப் பார்த்தேன்.

"எங்கடி வெச்ச?"

என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஜீப்பை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இரு. பட்டையா மார்க்கர்ல வெக்கிறேன்."

மார்க்கர் புள்ளி தெரிந்தது. வண்டி முழுக்க.