செல்வி கண்ட சாய்வு

என் அண்ணியாவதற்கு முன்பே என் பெஞ்சில் இடம் பிடித்த செல்விக்கு,

நீ செத்துப்போய் நான்கு மாதம் ஆகிறது. உன் மேல் இன்னும் பொறாமையாக இருக்கிறது என்று எழுதினால் படிப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைத்துக்கொள்ளட்டும். கூடப் படித்தாய், பேகம்பேட்டில் ஒரே ஆபீசில் சேர்ந்தாய், என் அண்ணனையும் கட்டிக்கொண்டாய். அதெல்லாம் போகட்டும். என் வயிறு எரிந்தது ஓர் ஆற்றுக்காக.

சேட்டிலைட் தந்த நில உயரக் கணக்கைக் கம்ப்யூட்டரில் விரித்து, ஆறும் ஓடைகளும் போகிற போக்கைப் பார்த்து, அடியில் பூமி இன்னும் அசைகிறதா என்று சொல்வதுதானே நம் வேலை. அந்த ஆற்றின் படத்தில் ஓரிடத்தில் தரை நேர்கோடாக, படி மாதிரி உயர்ந்திருந்தது. நிலப்பிளவு என்று எழுதினேன். ஆபீசே பாராட்டியது. நீ மட்டும் பஸ் பிடித்து அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கேண்டீனில் என் காதோடு சொன்னாய்.

"அது பாறை இல்லட்டி, தைல மரத் தோப்பு. சேட்டிலைட்டு மரத்து உச்சிய தரைன்னு நெனச்சிருக்கு. நான் யார்ட்டயும் சொல்லல."

சொல்லாமல் இருந்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன். வீம்புக்கு அதைத் திருத்தாமலே விட்டேன்.

போன ஞாயிறு நாச்சாரத்தில் உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் இட்லி ஊற்றப் பழகியிருக்கிறான், கல்லாகத்தான் வருகிறது. உன் மகள் உன் நோட்டைக் கொண்டுவந்து, "தீஸ்கோ அத்தா" என்று, வாங்கிக்கச் சொல்லி இந்த ஊர்த் தெலுங்கில் நீட்டினாள். ஆற்றுக்கு மேற்கே ஓடைகள் நீளம், கிழக்கே குட்டை என்று எழுதியிருந்தாய். பழைய ஆற்றுக் கூழாங்கல் மேற்கில் மட்டும் கிடக்கிறதாம். ஆறு கிழக்கே நகர்ந்துகொண்டே போயிருக்கிறது, நிலம் அந்தப் பக்கம் சாய்கிறது, அடியில் பூமி இன்னும் அசைகிறது. அதே உயரக் கணக்கை வைத்துச் சரிபார்த்தேன், ஒத்துப்போகிறது. மூன்று வருடம் அந்தப் படத்தையே முறைத்துக்கொண்டிருந்த எனக்கு இது ஏன் தெரியவில்லை?

செவ்வாய்க்கிழமை இறுதி அறிக்கையை நான் வாசிக்க வேண்டும். நோட்டில் இருப்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அறிக்கையின் மேலே என் பெயரை மட்டும் டைப் அடித்துப் பார்த்தேன், செல்வி. ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்திருந்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இன்று காலை மாற்றிவிட்டேன். சாய்வைக் கண்டது நீ என்று சொல்வேன். தைல மரத்தைப் பிளவு என்று எழுதியது நான் என்றும் சொல்வேன், சத்தியமாக. கைதட்டல் உனக்கு விழும், அதை அங்கே நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்போதும் என் முகம் சுருங்கத்தான் செய்யும். அதைப் பார்த்துச் சிரிக்கவாவது நீ இருந்திருக்கலாம்.

உன் நாத்தனார், பொல்லாதவள்தான்,
மீனா