நியூட்ரலில் இறங்கியவருக்கு

ஏங்க,

கார் சாவி, நீங்கள் இதுவரை தொட்டே பார்க்காத சோப்புத்தூள் டப்பாவில் இருக்கிறது. பிரேக்கைப் பார்க்க மெக்கானிக் வருவார். அவரிடம் சாவியை மட்டும் கொடுங்கள், சொற்பொழிவு வேண்டாம். "இறக்கத்துல நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சம்" என்று நேற்று மலைப்பாதையில் பாடம் நடத்தி முடிப்பதற்குள் பிரேக் புகைந்து, மிதித்தும் பிடிக்காமல் போனது. "ஐயோ, கியரைப் போடுங்க!" என்று கத்தினேன். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக, மறுபேச்சில்லாமல் நான் சொன்னதைச் செய்தீர்கள். வண்டி உறுமிக்கொண்டே அடங்கியது. நல்லவேளை, பெட்ரோலோடு நாமும் மிச்சமானோம்.

சாப்பாடு அடுப்பின் மேல்.

எந்நேரமும் கிளட்ச் மேல் காலை ஊன்றியிருக்கிறீர்களே, அதற்கான சண்டையை அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம்.

பி.கு.: உங்கள் குறட்டை சமையலறை வரை கேட்கிறது. இன்று திட்ட மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன்.