முதல் மாமியார்

2-7-64, வியாழன்
விடாத மழை. துணி ஒன்றும் காயவில்லை. வாங்க: ரேஷன் அரிசி, மண்ணெண்ணெய்.

அவர் டிராம்பே பஸ்ஸுக்குப் போன பிறகு மாதுங்காவிலிருந்து அம்மா வந்தாள். அம்மா என்றால் என் முதல் மாமியார். அவள் பிள்ளை காலமானபோது எனக்குப் பத்தொன்பது. மறுவருஷம் அவளே என்னைக் கையைப் பிடித்து, விதவைகளுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிற சமாஜத்துக்கு அழைத்துப் போய், ஹோமம் வளர்த்து, இவருக்குக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தாள். அதோடு சொந்தக்காரர்கள் அவள் வாசலை மிதிக்கவில்லை. ஏழு வருஷம் ஆகிறது. செம்பூரில் இந்தக் கதை யாருக்கும் தெரியாது.

"ஞாயித்துக்கிழமை ஆண்டு விழாடி. சட்டம்தான் வந்தாச்சே, இனிமே சமாஜம் எதுக்குன்னு சின்னவாள்லாம் கேக்கறா. நீ வந்து ரெண்டு வார்த்தை சொல்லேன்."

பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டு அலமு மாமி உள்ளே வந்துவிட்டாள்.

"யாரு பத்மா இது?"

"சமையல் வேலை கேட்டு வந்திருக்கா மாமி."

வாயில் வந்துவிட்டது. அம்மா குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் கொடுத்த காப்பி அப்படியே.

3-7, வெள்ளி
மழை. ரசத்தில் இரண்டு தடவை உப்பு. அவரிடம் சொன்னேன். "ஏன் அப்படிச் சொன்னே?" அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

5-7, ஞாயிறு
இருவருமாகப் போனோம். கடைசி வரிசை. அம்மாவே பேசினாள். பெண்ணைத் தள்ளி வைக்கச் சொல்லி வேதத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று ஒரு சந்நியாசி பண்டிதர்களைக் கேட்டதிலிருந்து ஆரம்பம். பிறகு என் கதை, பெயரில்லாமல்.

"அந்தப் பொண்ணு இப்போ எங்கே?" முன்வரிசையில் ஒரு டீச்சர்.

அம்மா என்னைப் பார்த்தாள். "தூரத்துல இருக்கா. சௌக்கியமா இருக்கா."

எனக்காக ஒரு பொய். எழுந்து நின்றேன். "நான்தான்" என்றேன். மேலே அழுகைதான்.

வெளியே வந்ததும் அம்மா காலில் விழுந்தேன். "எழுந்திருடி, ஒரே சேறு" என்றாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

6-7, திங்கள்
கொஞ்சம் வெயில். அலமு மாமியிடம் நானே போய்ச் சொன்னேன், வந்தவள் யார், நான் யார் என்று. முழுக்கக் கேட்டாள்.

"வரலக்ஷ்மி நோன்புக்கு உன்னைக் கூப்பிடணுமே... எதுக்கும் எங்காத்துல கேட்டுண்டு சொல்றேன்."

வருஷா வருஷம் முதல் வெற்றிலை பாக்கு எனக்குத்தான் தருவாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஏழு வருஷமாக அம்மாவுக்கு இதேதான். சாயங்காலம் மாதுங்கா போகிறேன். எங்களோடு வந்து இருக்கச் சொல்லிக் கேட்க. வருவாளோ என்னவோ.