ஒருவர் கூடாரமா, இருவர் கூடாரமா

மொட்டை மாடியில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர்: நான், இவர், உன் மகள் மரகதம், வடாம் எடுக்க வந்த பக்கத்து வீட்டுச் செல்வி. தை மாதத்தில் நீ எங்களை விட்டுப் போனாய். ஆவணி முடியப் போகிறது. இன்னமும் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணும்போது உன்னையும் சேர்த்து எண்ணிவிட்டு, அப்புறம்தான் ஒன்றைக் கழிக்கிறேன்.

கூடாரப் பையின் வாயைப் பிரித்ததும் புதுக் குடையின் வாசனை வந்தது. திருத்தணியில் நாம் அவசரமாக வாங்கினோமே நீலத் தார்ப்பாய், அதற்கும் இதே வாசனைதான். துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். மரகதம் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, கம்பிகளைக் குறுக்கே செருகி, நான்கு மூலையையும் இழுத்து நிறுத்திவிட்டாள். தளத்தில் முளை அடிக்க முடியாதென்று மூலைக்கு ஒரு செங்கல்.

செல்வி வடாம் எடுப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாக்கா இது, வடாம் காய வைக்கவா இம்மாம் பெரிய பந்தலு?"

இவர் அதற்குள் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "வடாத்துக்கு இல்லமா, உங்க அக்கா திருப்பதிக்கு நடக்கப் போறாங்க. வழியில தங்கறதுக்கு அரமனை."

"அதான பாத்தேன். ஃபேன் நின்னா நாலு வூடு கேக்கற மாதிரி கத்துவாங்க, இதுல எப்டி தூங்குவாங்களாம்?"

எல்லோரும் சிரித்தோம். இவர் வெளியே வந்ததும் மரகதம் உள்ளே போய்ப் படுத்தாள். ஓர் ஓரமாக ஒட்டிப் படுத்து, பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைக் கையால் தட்டினாள். "பெரிம்மா, இங்க இன்னொரு ஆள் தாராளமா படுக்கலாம்." என் சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று.

உனக்குத் தெரியாததா? இவளுக்கு டெங்கு வந்து, ரத்தத்தில் அணுக்கள் இறங்கிக்கொண்டே போன அந்த வாரம், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டாய்: பிள்ளை பிழைத்து எழுந்தால் மூன்று புரட்டாசி மலைக்கு நடந்தே வருகிறேன் என்று. பக்கத்தில் நின்ற நான் துணைக்கு வருகிறேன் என்றேன். இரண்டு வருஷம் நடந்தோம். மூன்றாவது மிச்சம் இருக்கிறது.

முதல் வருஷம் நம் மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "உள்ள இருக்கறதுல பாதிய எடுத்து வூட்லயே வெய். மிச்சம் இருக்கறதுலயும் பாதி வேஸ்ட்டு, நடக்கும்போது தெரியும்." அரக்கோணம் போவதற்குள் தெரிந்துவிட்டது. எவர்சில்வர் டப்பா இரண்டை ஒரு டீக்கடைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு நடந்தேன்.

இரண்டாவது வருஷம்தான் அந்த மழை. திருத்தணி தாண்டி நகரிக்கு இன்னும் தூரம் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. சாலையோரச் சத்திரத்தில் ஆண்கள் காலை நீட்டி இடமெல்லாம் அடைத்துப் படுத்திருந்தார்கள். ஈரப் புடவையை மாற்ற ஒரு மறைவு இல்லை. "இங்க வேணாம்டி" என்று நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். வேப்பமரத்துக்கும் பம்புசெட்டுச் சுவருக்கும் நடுவில் தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழ் ஒண்டினோம். எதிர் வயலில் நின்ற பனைமரத்தின் தலையில் இடி இறங்கியது. மழையிலேயே அது எரிந்ததைப் பார்த்தோம். நீ என் கையைப் பிடித்தாய். பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

"எனக்கு எது ஆனாலும் பரவால்ல. எம் பொண்ண மட்டும் எந்தக் காலத்துலயும் இந்த நடைக்கு இட்டுக்கினு வந்துடாத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். உன் உள்ளங்கையில் அடித்துப் பண்ணினேன்.

மறுநாள் விடிந்ததும் நீ பழையபடி ஆகிவிட்டாய். புத்தூர் சாலையோரம் கல்லூரிப் பையன்கள் சிலர் பைக்கை நிறுத்திவிட்டுச் சின்னக் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தார்கள். நீ நின்று அது எத்தனை கனம் என்று கேட்டு, கையில் வாங்கித் தூக்கியும் பார்த்தாய். "பெருமாளுக்கு கல்லுல கட்டி வெச்சாங்க, நமக்கு நைலான்ல ஒண்ணு வாங்கிடலாம்டி" என்று மலையடிவாரம் வரை அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாய். சத்தியத்தைப் பற்றி மட்டும் அப்புறம் நீ பேசவே இல்லை, நானும் பேசவில்லை.

அந்தக் கூடாரத்தைத்தான் இந்த வருஷம் தேடினேன். மதியம் இவர் சாப்பிட்டுப் போனதும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மலையேறுகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு நானே கற்றுக்கொண்டேன். உள்ளே வலைத்துணி, மேலே தனியாக ஒரு மழைத்துணி, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. அது இல்லாவிட்டால் நாம் விடுகிற மூச்சே விடியற்காலையில் தண்ணீராகச் சொட்டுமாம். தையல் ஓடுகிற இடத்தில் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரைத்துணி தொட்டி மாதிரி ஓரத்தில் எழும்பியிருக்க வேண்டும். இவ்வளவும் படித்துவிட்டுச் சென்னையில் அந்தச் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனேன்.

"எந்த மலைக்குமா?" என்று கடைக்காரப் பையன் கேட்டான்.

"திருப்பதி."

அவன் தயங்கினான். "அங்க டெண்ட் போட வுட மாட்டாங்களேமா."

"மலை மேல இல்லப்பா, போற வழியில."

மூன்று நான்கு எடுத்துப் போட்டான். எல்லாம் படித்தவள் அங்கே போய்ச் செய்த காரியத்தைக் கேள். ஒவ்வொன்றையும் கையில் வாங்கி எடை பார்த்தேன். நம்மூரில் கல்யாணப் பட்டுப்புடவை வாங்கினால் முதலில் உள்ளங்கையில் வைத்து அதைத்தானே பார்ப்போம்? கனமாக இருந்தது மனசுக்கு நிறைவாக இருந்தது. இறகு மாதிரி இருந்தவற்றுக்கு விலை கூடுதல். கனம் குறைந்ததற்கு எதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், ஏமாற்றுகிறான் என்றே நினைத்தேன். இருப்பதிலேயே கனமானதை, விலையும் குறைவு என்ற சந்தோஷத்தோடு, இருவர் அளவில் எடுத்து வந்தேன். மாடியில் விரித்தது அதுதான். வீட்டுக் கணக்கில் கோயில் செலவு என்று எழுதி வைத்தேன்.

நடந்து பார்க்காமல் எப்படித் தெரியும் என்று, போன ஞாயிற்றுக்கிழமை அதை முதுகில் மாட்டிக்கொண்டு திருப்புட்குழிக்குக் கிளம்பினேன். தெருமுனையில் மரகதம் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். "கம்பிய நான் எடுத்துக்கறேன் பெரிம்மா" என்று பையிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். ஊர் எல்லை தாண்டுவதற்குள்ளேயே பட்டை தோளை அறுத்தது. பாதி வழிக்கு மேல் பையையும் அவள்தான் சுமந்தாள்.

குளத்தங்கரையில் உட்கார்ந்தோம். பிள்ளை வரம் கேட்டு, நீ வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு ஓர் இரவு படுத்திருந்த கோயில். காலையில் முளைத்திருந்ததைக் காட்டி நீ என்னிடம் அழுததும், பிறந்தவளுக்கு அந்தக் கோயில் தாயார் பேரையே வைத்ததும் அவளுக்கும் தெரியும். பையை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடி கேட்டாள்.

"அம்மா எனக்காகத்தானே வேண்டிக்கினாங்க? அப்போ மிச்சம் இருக்கறது என்னுதுதானே பெரிம்மா? நீங்க மட்டும் போனா எப்படி?"

"உங்கப்பா ஒத்துக்கணும்."

"அப்பா ஒத்துக்கினாரு. நீங்கதான் ஒத்துக்கல. இன்னாத்துக்குன்னும் சொல்ல மாட்டேங்கறீங்க."

எப்படிச் சொல்வேன்? உன்னைக் கூட்டிப் போகக் கூடாதென்று உங்கம்மா சத்தியம் வாங்கினாள் என்று அவளிடம் சொன்னால், அவளுக்கு மிச்சமிருப்பதையும் நான் பறித்துக்கொண்ட மாதிரி ஆகாதா? வயசாகிவிட்டது, தோள் வலிக்கிறது, பேசாமல் வா என்று அதட்டிவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்தோம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கூடாரத்தைத் திருப்ப எடுத்துப் போனேன். தையல் பிரியாமல் இருக்கிறதே என்று கடைக்காரப் பையன் மாற்றித்தர ஒத்துக்கொண்டான். "மொதல்லயே சொன்னேன்லமா, இது கார்ல வெச்சிக்கினு போறவங்களுக்கு." இரண்டை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறான். ஒன்று ஒருவர் படுப்பது. ஒன்றரைப் படி அரிசியைத் தூக்குகிற மாதிரிதான் இருக்கும், கையிலிருக்கிற பணத்துக்குள்ளேயே வந்துவிடும். மற்றது இருவருக்கானது. கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டும், போடலாம். கம்பியை ஒருத்தியும் துணியை ஒருத்தியும் பிரித்துச் சுமந்தால் ஆளுக்கு அதுவும் அவ்வளவு கனம்தான். சனிக்கிழமைக்கு மேல் வைத்திருக்க முடியாது, புரட்டாசி வந்தால் கூட்டம் வரும் என்கிறான்.

எனக்குத் தூக்கம் இல்லை. கூடாரம் மழையைத் தடுக்கும், இடியைத் தடுக்காது. இடி இடித்தால் அதை விட்டு வெளியே வந்து கட்டடத்துக்குள் போ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இந்த முறை மதியத்துக்கு மேல் வானம் கருத்தால் நடக்கக் கூடாது, பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ கண்ணில் பட்டதும் ஒதுங்கிவிட வேண்டும் என்று திட்டம் போட்டிருக்கிறேன். உடை மாற்றவும், கூட்டத்தில் ஒரு மறைவுக்கும்தான் கூடாரம். இத்தனை யோசித்தும், அந்தப் பனைமரம் எரிந்ததை நினைத்தால் எழுந்து போய் ஜன்னலில் வானத்தைப் பார்க்கிறேன். அவளுக்கு வழியில் காய்ச்சல் வந்தால்? லாரி வருகிற சாலையில் இருட்டோடு நடந்தால்? உன்னிடம் வந்து என்ன சொல்லுவேன்?

கோயிலில் கேட்டேன். பெற்ற பெண் முடித்துவைத்தால் விசேஷம் என்றார் பட்டாச்சாரியார். இவர் பூக்கட்டிப் பார்க்கலாமே என்கிறார், சன்னிதியில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், கைக்கு வருவதுதான் உத்தரவு. பெருமாளிடம் கேட்டால் பெருமாள் பதில்தான் வரும். நான் சத்தியம் பண்ணினது உன்னிடம்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த அன்று, கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தேன். அந்தச் சத்தியம் இன்னும் இருக்கிறதா என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. கேட்டால் நீ பிழைக்க மாட்டாய் என்று நானே சொன்னதாகிவிடும், விழுங்கிவிட்டேன். நீயோ கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாய். "டெண்ட் வாங்கிட்டியாடி?" இன்னும் இல்லை என்றேன். "வாங்கும்போது ரெண்டு பேர் படுக்கற மாதிரி பாத்து வாங்கு." இதை இத்தனை மாதமாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். எழுந்து நடப்போம் என்ற நம்பிக்கையில் உன்னையும் என்னையும் நினைத்துச் சொன்னாயா? இல்லை, நீ வரப்போவதில்லை என்று தெரிந்தே சொன்னாயா?

நீலத் தார்ப்பாய் கிழிந்துபோயிற்று. அதன் கயிற்றை மட்டும் வைத்திருக்கிறேன். பையில் முதலில் போட்டது அதைத்தான். பாதியை எடுத்து வெளியே வைத்தபோதும் அதை எடுக்கவில்லை. சத்தியம் பண்ணின உன் உள்ளங்கை பட்ட இடமும் என் கையில் அப்படியே இருக்கிறது. இரண்டையும் மலை வரை சுமந்துவிடுவேன். எத்தனை பேராக நடப்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

மரகதம் நேற்று வந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு, அன்று மாடியில் தவறி விழுந்து கிடந்த முளைக் கம்பி ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நடை திறந்ததும் வரதர் சன்னிதிக்குப் போய்விட்டு, வீட்டில் உன் படத்துக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். கனவிலோ, அவள் வாயிலோ, எப்படியாவது சொல்லு. கடைக்காரன் சனிக்கிழமை வரைதான் வைத்திருப்பான். அதற்குள் பதில் சொல்லிவிடு.