வியாழக்கிழமைக்குள்ள வராத காரு

அன்பு மகளே பாப்பா, எப்படிம்மா இருக்க, மாப்பிள்ளை சௌக்கியமா, குளிர்ல காதை மூடிக்கிட்டுத்தானே வேலைக்குப் போற. இங்க நானும் உங்கம்மாவும் நல்லா இருக்கோம், உங்கம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல, எனக்கு வாய் வழக்கம்போலன்னு அவளே எழுதச் சொன்னா. எழுத்து கோணலா இருந்தா கோவிச்சுக்காத. ஸ்டியரிங் மேல தாளை வச்சு எழுதுறேன். ஆஸ்பத்திரி வாசல்ல காரை நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருக்கேன், இன்னிக்கு உங்க அத்தையை வீட்டுக்கு அனுப்புறாங்க. உங்கம்மா மேல போய் ஒரு மணி நேரமாச்சு, நான் இன்னும் போகல. ஏன் போகலன்னுதான் இந்தக் கடிதாசி.

போன வாரம் நீ போன்ல கேட்டியே, அத்தையை மில்லுக்குக் கூட்டிட்டுப் போனியாப்பான்னு. ஆமாம்மா போய்ட்டு வந்தோம், நல்லா நடந்துச்சுன்னு சொன்னேன். பொய்யி. நாங்க போகல. உன் குரலைக் கேட்டதும் நாக்கு அப்படிப் புரண்டுடுச்சு, அதுலருந்து சோறு இறங்கல. அதனால நடந்ததை நடந்தபடி சொல்றேன், நிதானமாப் படி.

அத்தை காலைப் பாத்துட்டு டாக்டரு, முழங்காலுக்குக் கீழ எடுத்துத்தான் ஆகணும், புண்ணு எலும்பு வரைக்கும் போயிடுச்சு, வியாழக்கிழமை வச்சுக்கலாம், புதன் சாயங்காலமே வந்து படுத்துடுங்கன்னு சனிக்கிழமை சொல்லிட்டாரு. நான்தான் அழுதேன், அத்தை அழல. வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து ரொம்ப நேரம் காலையே பாத்துட்டு, டேய், எடுக்குறதுக்குள்ள ஒரு தடவ மில்லுல நடந்து பாத்துடணும்டான்னு சொல்லுச்சு. முப்பத்தோரு வருசம் நூல் மிஷினுக்கு நடுவுல நடந்த காலு. அந்த வேலையில உக்காரவே முடியாது பாப்பா, அறுந்த நூலைத் தேடித்தேடி முடிச்சுப் போட்டுக்கிட்டே நடக்கணும். நான் நடந்த நடைக்கு உம் பொண்ணு ஊருக்கு ரெண்டு தடவ போய்ட்டு வந்திருப்பேன், ஒருத்தனும் ஒரு டிக்கெட்டு குடுக்கலன்னு அத்தை சொல்லிச் சிரிக்கும். மில்லு மேஸ்திரிகிட்ட நான் பேசினேன், மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷிப்டு மாறும்போது அழைச்சிட்டு வாங்க, அவங்க நின்ன ஏழாம் வரிசையில இந்தக் கடைசியிலருந்து அந்தக் கடைசி வரைக்கும் நடக்கட்டும்னாரு. மெதுவா நடந்தாலும் பத்து நிமிஷம். ஆனா மில்லு ஒன்பது மைலு, பஸ்ஸுக்கு நடக்கப் புண்ணு விடாது.

நம்ம தெரு ஆட்டோக்காரரு, அதான் வண்டியை விட மீசையை அதிகமாத் துடைப்பாரே அவரு, நான் கூட்டிட்டுப் போறேண்ணே, காசே வேணாம், அக்கா எனக்கும் அக்காதான்னு சொன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா, எம் பொண்ணு வாங்கிக் குடுத்த காரு வாசல்ல நிக்குது, எங்கக்கா ஏன் ஆட்டோவுல போகணும்னேன். அந்த வாயில அன்னிக்கு ஒரு புண்ணு வந்திருக்கக் கூடாதா.

காரு எங்க போச்சு, எப்பவும் தார்ப்பாய்க்குள்ளதானே நின்னுச்சு. எடுத்தா தூசி படும், மழை படும், மாட்டுக்காரன் ஒரசுவான்னு நான் எடுக்கவே மாட்டேன். ஐம்பத்தெட்டு வயசுல வண்டி ஓட்டக் கத்துக்கிட்டவன், எனக்குக் கத்துக்குடுத்த மனுஷன் மூணாம் நாளே எனக்குப் பிள்ளைகுட்டி இருக்குங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு, அது வேற கதை, வரும்போது சொல்றேன். ஞாயித்துக்கிழமை தார்ப்பாயை எடுத்துட்டு சாவியைத் திருப்பினா, வண்டி காய்ச்சக்காரன் மாதிரி ஒரு நடுக்கம் நடுங்கி நின்னுடுச்சு, முன்னாடி கலர் கலரா விளக்கு. டிக்கியில கோழித்தீவன மூட்டையை வச்சிருந்தேன் பாப்பா, வீட்டுல வச்சா உங்கம்மா நாத்தம்ங்கிறான்னு. தீவனத்துக்கு வந்த எலி ஒயரையும் கடிச்சிருக்கு. இது முழுக்க என் தப்பு, அதைக் கம்பெனிக்காரன் தலையில கட்ட மாட்டேன்.

திங்கக்கிழமை இன்னொரு வண்டியில கட்டி இழுத்து, வாங்குன ஷோரூமுக்கே கொண்டுபோய் விட்டோம். வாங்கப் போனப்போ நமக்கு மாலையெல்லாம் போட்டானுங்களே, இப்ப டோக்கன் குடுத்தானுங்க. கண்ணாடி ரூமு, குளிரு, ஒரு காப்பி மிஷினு. டம்ளரை வைக்காம பொத்தானை அமுக்கிட்டேன், காப்பி பூரா தட்டுல போச்சு, பக்கத்துல இருந்த அம்மா என்னையும் அந்தக் காப்பியையும் மாறி மாறிப் பாத்தாங்க. டை கட்டின தம்பி ஒருத்தன் வந்து, நாளைக்கு ரெடி ஆயிடும் சார்னான். அவனுக்கு நான் நாளைக்குன்னே பேரு வச்சுட்டேன். செவ்வாக்கிழமை போனா, இன்சூரன்ஸ் ஆளு வந்து போட்டோ எடுக்கணும் சார், நாளைக்குன்னான். ஒயரை ஒட்டுப் போட மாட்டாங்களாம், கட்டு முழுசா மாத்தணுமாம், அது வேற ஊர் குடோன்லருந்து வரணுமாம். நம்ம எலக்ட்ரீஷியனை அங்க கூட்டிட்டுப் போனேன், எட்டிப் பாத்துட்டு, நாலு ஒயரு மாமா, அரை மணி நேரம், டேப்பு சுத்தினா மில்லுக்கு என்ன டெல்லிக்கே போகலாம்னான். வெளி ஆளு கையை வச்சா வாரண்டி போயிடும் சார், அப்புறம் எங்ககிட்ட வராதீங்கன்னான் நம்ம ‘நாளைக்கு’ தம்பி. நீ அங்க கஷ்டப்பட்டு வாங்குன காரு, வாரண்டி போயிடுச்சுன்னா உனக்கு என்ன பதில் சொல்வேன்னு பயந்துட்டேன். எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டான். அவனை அப்பக் கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கணும்.

புதன்கிழமை ஒரு மணிக்கு நிச்சயம்னு அவன் சொன்னதை நம்பிக் காலையிலயே போய் உக்காந்துட்டேன். கண்ணாடி வழியாப் பாத்தா நம்ம காரு தூக்கி நிறுத்தினபடி, கிட்டக்க ஒருத்தருமில்ல. பன்னெண்டு மணிக்கு ஆட்டோக்காரரு போன் பண்ணி, அண்ணே இப்பக் கிளம்பினாக்கூடப் போயிடலாம், அக்கா சேலை மாத்தி உக்காந்திருக்குன்னாரு. இருங்க, வண்டி வந்துடும்னேன். ஒண்ணரை ஆச்சு, ரெண்டாச்சு. ரெண்டேகாலுக்கு அந்தத் தம்பி வந்து, குடோன் லாரி வரல சார்னு சொன்னதும் எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன், அவன் அப்பனையும் சேத்து. அவன் உள்ள போனான். தண்ணி கொண்டாந்து வச்சுட்டு, மெதுவா, மேல என்ன சொல்லச் சொல்றாங்களோ அதைத்தான் சார் சொல்றேன், எனக்கும் தெரியாது லாரி எங்க இருக்குன்னு, அப்படின்னான். முகத்தைப் பாத்தா உன் வயசு கூட இருக்காது. அந்தத் தண்ணியைக் குடிக்கும்போதுதான் உறைச்சுது, ரெண்டு நாளாச் சாயங்காலம் சாயங்காலம் அக்கா வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு நான் என்ன சொன்னேன்? நாளைக்குப் போயிடலாம்க்கா. அவன் குடுத்ததை அப்படியே கொண்டுபோய் அதுகிட்டக் குடுத்திருக்கேன். அக்கா மட்டும் என்னை ஒரு வார்த்தை திட்டல.

ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்ச் சேரும்போது சாயங்காலமாயிடுச்சு. அங்க அக்காவைக் கட்டில்ல படுக்க வச்சுட்டாங்க. ஆட்டோக்காரரும் உங்கம்மாவும்தான் கொண்டாந்து சேத்திருக்காங்க. மில்லுக்குன்னு கட்டின சேலையை மடிச்சுத் தலைமாட்டுல வச்சிருந்துச்சு. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்க்கா, இன்சூரன்ஸு, குடோனு, லாரின்னு நான் சொல்லிக்கிட்டே போனேன். கேட்டுட்டு என் கையைப் பிடிச்சுது.

“நான் காரையாடா கேட்டேன், உன்னைத்தானே கூட வரச் சொன்னேன்.”

அவ்வளவுதான் பாப்பா. அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு. மறுநாள் எடுத்துட்டாங்க. அதுக்கடுத்த நாளு காரு வந்துச்சு, கழுவித் துடைச்சு, உள்ள வாசனையெல்லாம் அடிச்சு, வாரண்டி பத்திரமா இருக்குன்னு ஒரு காகிதத்தோட. பத்து நாளா வார்டு வாசல் வரைக்கும் போறேன், மருந்து வாங்கிக் குடுக்கிறேன், உள்ள போய் முகத்தைப் பாக்க முடியல. வரும் வழியில மில்லுப் பக்கமா ஒரு சுத்துப் போயிட்டு வரலாமான்னு உங்கம்மாவை விட்டுக் கேக்கச் சொன்னேன். உக்காந்துக்கிட்டுப் பாக்க அங்க என்ன இருக்கு, நேரா வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிடுச்சாம்.

நீ காரு வாங்கிக் குடுத்தது தப்புன்னு ஒரு நாளும் நினைக்காத, அதைச் சாமி மாதிரி மூடி வச்சது நான். அத்தைக்குப் போன் பண்ணினா மில்லுப் பேச்சை எடுக்காத, சாப்பிட்டியா தூங்கினியான்னு மட்டும் கேளு. உன் காருல ஏதோ விளக்கு எரியுதுன்னியே, முதல்ல அதைப் பாரு. நாளைக்குன்னு ஒருத்தன் சொன்னா, கூப்பிட்டவங்ககிட்டப் பஸ்ஸுலயாவது போய்ச் சேரு. வயித்தைக் காயப் போடாத, மாப்பிள்ளையோட சண்டை போட்டாலும் சாப்பிட்டுட்டுப் போடு. நீங்க ரெண்டு பேரும் உங்க காலு கொண்டு போற இடமெல்லாம் நல்லபடியா நடக்கணும், நிறைஞ்சு இருக்கணும்.

உனக்குப் பொய் சொன்ன உன் அப்பா.

தாளுல இன்னும் கொஞ்சம் இடமிருக்கு. முன் சீட்டைப் பின்னால தள்ளி, தலகாணி வச்சிருக்கேன், காலை நீட்டிக்க வேணுமேன்னு வச்சுட்டு அப்புறம்தான் யோசிச்சேன் எந்தக் காலைன்னு. மேல போய் என்ன பேசுறதுன்னு இன்னும், அதோ, வந்துட்டாங்க பாப்பா, உங்கம்மா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கிட்டு வர்றா. உங்கத்தை வாசல்ல நிறுத்தச் சொல்லிட்டு, கண்ணுக்கு மேல கையை வச்சு ஒவ்வொரு காராப் பாக்குது. நம்ம காரு எதுன்னு அதுக்குத் தெரியல, ஒரு நாளும் ஏத்தினதில்லையே, இப்ப என் பேரைச் சொல்லிக் கூப்பிடுது, சின்ன வயசுல கூப்பிடுற மாதிரி, நான் இறங்கிப் போய்