எழுத்துக் கூட்டிப் படித்த காகிதம்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கவா போகிறாய்!

இங்கே ஒரு வேடிக்கை. கம்பெனியில் ஐம்பது வயது தாண்டியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். திங்கட்கிழமை என் முறை. நம் மகள் வயதில் ஒரு ஆபீசர். இருபத்திரண்டு வருடமாக நான் பழுது பார்க்கும் ஏசிக்குக் கீழேயே என்னை உட்காரவைத்தாள்.

"சும்மா ஃபார்மாலிட்டிதான் அங்கிள், கையெழுத்து போடுங்க."

"படிச்சுட்டுப் போடறேம்மா. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், கொஞ்சம் பொறுத்துக்கோ."

நாலு பக்கம். விரல் வைத்துப் படித்தேன். அவள் இரண்டு காபி குடித்துவிட்டாள். மூன்றாம் பக்கத்தில், 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விடுகிறேன்' என்று இருந்தது.

"என் விருப்பம்னா எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமேம்மா!"

காகிதத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அனுப்புவதென்றால் அவர்களே எழுதி அனுப்பட்டும். இப்போது ஸ்டோர்கீப்பரும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாராம். அவர் பட்டதாரி!

நீ கவலைப்படாதே. பீரோவில் இருக்கும் என் பழைய கண்ணாடியை அனுப்பு. கடிதத்தையும் கொஞ்சம் நீட்டி எழுது. கம்பெனிக் காகிதம் அரை நாள் இழுக்கிறது, உன் கடிதம் மட்டும் உடனே தீர்ந்துபோகிறது.

மூன்றாம் மாடியில் ஏசி நின்றுவிட்டதாம், என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஓடுகிறேன்.

இந்த வாரம் நான் போடும் ஒரே கையெழுத்து இதுதான்,
உன் வீட்டுக்காரன்